வாய்தா வாங்காத பதில்கள்

போடி, சிலமலை, தேவாரம், குரங்கணி என்று மலையடிவாரத்து மாணவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் வீட்டில் நடந்த ஏதோ ஒன்றிலிருந்து கிளம்பியவை. கேட்பவர் கீழே இருக்கிறார். தோட்டமும் தகராறும் பாதி நேரம் மலைக்கு மேலே, கேரளத்தில் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளோடு நிறுத்தாமல், எந்த ஊர் நீதிமன்றம், எத்தனை நாளுக்குள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எஃப்.ஐ.ஆரில் பேர் வந்துவிட்டாலே குற்றவாளிதானா?
*பிளஸ் ஒன் மாணவி, போடி*

இல்லவே இல்லை. முதல் தகவல் அறிக்கை என்பது போலீசுக்கு முதலில் கிடைத்த தகவலை எழுதிவைத்த தாள். அதற்குப் பிறகுதான் புலனாய்வு. அது முடிந்து, ஆதாரம் இருக்கிறது என்று போலீஸ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. சாட்சிகளை விசாரித்து நீதிபதி சொல்வது தீர்ப்பு. அதுவரை அவர் 'குற்றம் சாட்டப்பட்டவர்' மட்டுமே. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். கேட்டு வாங்குங்கள், தயங்கவே வேண்டாம்.

போடிமெட்டு தாண்டி கேரளப் பக்கம் பஸ்ஸில் நகை திருட்டுப் போனது. போடியில் புகார் கொடுத்தால் 'எங்கள் எல்லை இல்லை' என்கிறார்கள். என்ன செய்வது?
*கல்லூரி மாணவி, போடி*

'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்கிறது. பதிந்துகொண்டு, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பிவைப்பது போலீசின் வேலை. நகை போன வயிற்றெரிச்சலோடு நீங்கள் மறுபடி மலையேறத் தேவையில்லை. இதே பிரிவின்படி மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

குரங்கணி காட்டுத்தீக்கு 'விசாரணை' நடந்தது என்று படித்தேன். அப்படியென்றால் கேஸ் முடிந்துவிட்டதா?
*பத்தாம் வகுப்பு மாணவன், குரங்கணி*

மூன்று வேறு காரியங்களுக்கு நாம் 'விசாரணை' என்ற ஒரே சொல்லைப் புழங்குகிறோம் தம்பி. உன் ஊரின் துயரத்தையே எடுத்துக்கொள். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கிவந்த மலையேற்றக் குழுவைத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசு, அதுல்ய மிஸ்ரா என்ற மூத்த அதிகாரியை விசாரணைக்கு நியமித்தது. அவர் கொடுப்பது அறிக்கை: எங்கே தவறியது, இனி என்ன செய்ய வேண்டும் என்று அரசுக்குச் சொல்வது. யாரையும் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் அதற்குக் கிடையாது. போலீஸ் வழக்குப் பதிந்து ஆதாரம் தேடுவது புலனாய்வு. நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நடப்பதுதான் வழக்கு விசாரணை. அறிக்கை வந்ததால் வழக்கு முடியாது. வழக்கு முடியவில்லை என்பதற்காக அறிக்கை காத்திருக்கவும் வேண்டாம்.

ஜாமீன் கிடைத்தால் விடுதலைதானே? எங்கள் தெருவில் வெடி போட்டார்கள்.
*பிளஸ் டூ மாணவன், சிலமலை*

வெடியைக் கொஞ்சம் பத்திரப்படுத்தச் சொல். ஜாமீன் என்றால், கூப்பிட்ட தேதியில் வந்து நிற்பேன் என்ற உறுதியின்மேல் வெளியே விடுவது. வழக்கு அப்படியே இருக்கிறது. அந்த உறுதிக்குப் பின்னால் நின்று கையெழுத்துப் போடுபவர் ஜாமீன்தாரர். ஆள் வராமல் போனால் அவர் பணம் கட்ட நேரிடும். யாருக்கு ஜாமீன் நிற்கிறோம் என்று உன் அப்பாவை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கச் சொல்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. இது அரசியலமைப்பின் 22ஆவது உறுப்பு தரும் உரிமை. நடுவர் காவலில் வைக்க உத்தரவிடுவதுதான் 'ரிமாண்ட்'. போலீஸ் காவல் மொத்தம் 15 நாளுக்கு மேல் கூடாது. மற்றபடி சிறையில் இருப்பது நீதிமன்றக் காவல். குற்றத்தின் கனத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால், ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடுகிறது. கேட்டால்தான் கிடைக்கும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் உள்ளேயே கிடப்பதற்கு இந்த ஒரு வரி தெரியாததும் காரணம். எனக்கு ஆறாத விஷயம் இது.

302, 420, 144 எல்லாம் சினிமாவில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். இப்போது மாறிவிட்டதாமே?
*ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், போடி*

மாறிவிட்டது. கொலைக்குத் தண்டனை 103, மோசடி 318, கூட்டம் கூடத் தடை போடுவது 163. ஆனால் 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். ஆகவே 302 கொஞ்ச காலத்துக்கு நீதிமன்றங்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

சாந்தன்பாறைப் பக்கம் தாத்தாவுக்கு ஏலத்தோட்டம். சித்தப்பாவோடு பாகத் தகராறு. போடி கோர்ட்டில் கேஸ் போடலாமா? 'சி.எச்.ஆர். பட்டா' என்கிறார்களே, அது என்ன?
*சட்டம் படிக்க ஆசைப்படும் பிளஸ் டூ மாணவி, போடி*

உன் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும் தங்கச்சி.

முதலில் இடம். வழக்குப் போடுபவர் வாதி, எதிரே நிற்பவர் பிரதிவாதி. அண்ணன் தம்பி இருவருமே போடிக்காரர்களாக இருக்கலாம். ஆனால் நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துக்கு, 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி, சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்துக்கே அதிகார எல்லை. சாந்தன்பாறை இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை வட்டம். வழக்கு அங்கேதான். மேல்முறையீடு உயர் நீதிமன்றம்வரை போனாலும், போக வேண்டியது எர்ணாகுளம். மதுரைக் கிளை இல்லை.

அடுத்தது காகிதம். இங்கே கிரயப் பத்திரம் என்பதை அங்கே ஆதாரம் என்பார்கள். பட்டா மாறுதல் அங்கே போக்குவரவு. நிலவரி கட்டுவது கரம் அடைப்பது. தாத்தாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தால் இந்த மூன்றையும் தேடு. கரம் அடைத்த ரசீது மட்டும் இருந்தால் வரி கட்டியிருக்கிறார் என்றுதான் ஆகும். உரிமைக்கு அது மட்டும் போதாது. காகிதம் மலையாளத்தில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, அந்த மாநிலத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. பதிலும் தமிழில் வர வேண்டும். மலைமேல் குடியிருக்கும் உன் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்.

இனி சி.எச்.ஆர். 'கார்டமம் ஹில் ரிசர்வ்', அதாவது ஏலமலைக் காப்புக்காடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1897 ஆகஸ்டில் திருவிதாங்கூர் அரசு இதை அறிவித்தது. பரப்பு 15,720 ஏக்கர் என்பது கேரள அரசின் நிலை. இல்லை, 2,15,720 ஏக்கர் என்கிறது எதிர்த்தரப்பு. ஓர் இலக்கம் முன்னால் இருக்கிறதா இல்லையா என்பதில் 2 லட்சம் ஏக்கர் தொங்குகிறது. அதற்குள்தான் தோட்டங்கள், கடைத்தெருக்கள், பள்ளிகள், உன் தாத்தாவைப் போன்றவர்கள் கொட்டிய உழைப்பு எல்லாம். நிலம் வருவாய்த்துறை பொறுப்பு, மேலே நிற்கும் மரம் வனத்துறை பொறுப்பு என்ற இரட்டைக் கட்டுப்பாடு வேறு. ஏலம் நிழலில் வளரும் பயிர் என்பதால் மரத்துக்கு அத்தனை கவனம்.

இந்தப் பரப்பு பற்றிய வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அந்தப் பகுதியில் புதிய பட்டா வழங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. இது இடைக்கால உத்தரவு. வழக்கு நடக்கும் வரை நிலைமை கெடாமல் பிடித்துவைப்பது அதன் நோக்கம். யார் சொல்வது சரி என்ற முடிவு அதில் இல்லை. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர் காகிதம் கேட்டு நிற்பதும் நியாயம்தான். இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொண்டு நீ வக்கீலாக வேண்டும்.

குத்தகைக்கும் கிரயத்துக்கும் என்ன வேறுபாடு?
*பிளஸ் ஒன் மாணவன், சின்னமனூர்*

கிரயம் என்றால் உரிமையே கைமாறுகிறது. குத்தகை என்றால் அனுபவிக்கும் உரிமை மட்டும், சொன்ன காலத்துக்கு, சொன்ன பணத்துக்கு. உங்கள் வயலுக்குப் பாயும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரே குத்தகையில்தான் வருகிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரும் சென்னை மாகாண அரசும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 999 ஆண்டு, சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டு வாடகை. 1970இல் அது 30 ரூபாயானது. ஆயிரத்துக்கு ஓர் ஆண்டு குறைவாக இருந்தாலும் அது குத்தகைதான், கிரயமாகாது. வீட்டு அளவில் ஒன்று நினைவில் வையுங்கள்: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். வாய்ச்சொல் நம்பிக்கைக்கு உதவும். கோர்ட்டில் நிற்பது கஷ்டம்.

மேல்முறையீடு, சீராய்வு: இரண்டும் ஒன்றா?
*அதே மாணவன்*

மேல்முறையீடு மேல் நீதிமன்றத்துக்குப் போவது. சீராய்வு, தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்திடமே 'தவறு தெரிகிறது, மறுபடி பாருங்கள்' என்று கேட்பது. பெரியாறு அணையில் 142 அடி தேக்கலாம் என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் கேரளம் போட்டது சீராய்வு மனு. உச்ச நீதிமன்றத்துக்கு மேலே நீதிமன்றம் இல்லையே! அந்த மனு அதே ஆண்டு டிசம்பரில் தள்ளுபடியானது.

அப்பா விற்ற ஏலக்காய்க்கு வண்டன்மேட்டு வியாபாரி கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. 'பார்த்துக்கலாம்' என்றே நாள் போகிறது. என்ன செய்வது?
*பி.காம். மாணவன், போடி*

'பார்த்துக்கலாம்' என்று சொல்லச் சொல்ல உங்கள் வழக்கு செத்துக்கொண்டிருக்கிறது. இன்றே காலண்டரை எடுங்கள். செக் திரும்பிய தகவல் பேங்க்கிலிருந்து வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வியாபாரிக்கு எழுத்து மூலம் அறிவிப்பு போக வேண்டும். 'வக்கீல் நோட்டீஸ்' என்கிறார்களே, அதுதான். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் தரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

நல்ல செய்தி ஒன்று. வியாபாரி கேரளக்காரர் என்பதற்காக நீங்கள் மலையேற வேண்டாம். 2015இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, செக்கை உங்கள் கணக்கில் போட்டிருந்தால், உங்கள் கணக்கு உள்ள பேங்க் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் இருக்கிறதோ அங்கேயே புகார். அப்பாவின் கணக்கு போடியில் என்றால், வியாபாரிதான் கீழே இறங்கி வர வேண்டும்.

புரோநோட்டு எழுதிக் கொடுத்தால் எத்தனை வருஷம் செல்லும்?
*அதே மாணவனின் தங்கை*

கேட்டவுடன் தர வேண்டிய நோட்டு என்றால் எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் கடனில் ஒரு பகுதியைக் கட்டி, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. பதினெட்டு வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. வயது எதுவானாலும் வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதே.

ஏலக்காயும் ஏலத்தில் போகிறது, கடன்பட்ட வீடும் ஏலத்தில் போகிறது. இரண்டும் ஒரே சட்டமா?
*பத்தாம் வகுப்பு மாணவி, போடி*

முதலாவதில் சொந்தக்காரர் விற்க வருகிறார். இரண்டாவதில் விற்க மாட்டேன் என்று அழுகிறார். ஏலக்காய் ஏலம், நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் பெற்ற ஏலதாரர்கள் நடத்துவது. நம்மூரிலும் எல்லைக்கு அப்பால் புத்தடியிலும் கணினி வழியாக நடக்கிறது.

நீதிமன்ற ஏலம் வேறு. கடன் கொடுத்தவர் வழக்கில் ஜெயித்தால் கையில் கிடைப்பது தீர்ப்பாணை. அதை வைத்துப் பணம் வசூலிக்கத் தனியாக நிறைவேற்று மனு போட வேண்டும், வக்கீல்கள் 'ஈ.பி.' என்பார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம். நீதிமன்றம் சொத்தை முடக்குவது ஜப்தி. உத்தரவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருபவர் அமீனா. பிறகு ஏலம். எடுத்தவர் அங்கேயே கால் பங்கு கட்ட வேண்டும், மீதியை 15 நாளுக்குள்.

அமீனா வந்தால் எல்லாமே போய்விடும் என்று அம்மா நடுங்குவார்கள். அவர்களுக்குப் படித்துக் காட்டு: உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றைத் தொடக் கூடாது. நம் ஊரில் அந்த நகை தாலி. விவசாயிக்குப் பிழைப்புக்கு வேண்டிய கருவி, மாடு, விதை, கூலிக்காரரின் கூலி, விவசாயியோ தொழிலாளியோ தானே குடியிருக்கும் சொந்த வீடு, இவையும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. அந்த வீட்டையே அடமானம் வைத்திருந்தால் மட்டும் கதை வேறு. ஏலம் நடந்து முடிந்த பிறகும் 60 நாளுக்குள் கடன் தொகையோடு, ஏலம் எடுத்தவருக்கு ஏலத்தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதம் சேர்த்துக் கட்டினால் சொத்தை மீட்கலாம். இந்த 60 நாளைத் தவறவிட்டு நிலத்தை இழந்தவர்கள் எத்தனை பேர்! உறவினர் வீடுகளுக்கு இப்போதே சொல்லிவை.

தடை உத்தரவு வந்தால் திட்டம் ரத்து என்று அர்த்தமா? பொட்டிப்புரம் நியூட்ரினோ பற்றிக் கேட்கிறேன்.
*இயற்பியல் மாணவன், தேவாரம்*

தடை நிறுத்திவைக்கும்; ரத்து இல்லாமலாக்கும். போடி மேற்கு மலையில் சுமார் 1,500 கோடி ரூபாய் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் பணி தொடங்கக் கூடாது என்றது. 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுபடி அனுமதி கொடுத்தது. அதை எதிர்த்த வழக்கில் தீர்ப்பாயம் அனுமதியை ரத்து செய்யவில்லை, ஆனால் தேசிய வன உயிரின வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது என்றது. 2022இல் தமிழக அரசு திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. உண்மை என்று உறுதிமொழி எடுத்து எழுத்தில் கொடுக்கும் வாக்குமூலம்தான் பிரமாணப் பத்திரம். பொய் எழுதினால் அதுவே குற்றம். கல்லூரி விடுதிக்குப் பிரமாணப் பத்திரம் கேட்டாலும் இதே கனம்தான், படித்துப் பார்த்துக் கையெழுத்திடு.

அம்மா எஸ்டேட் வேலைக்குப் போன ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்துவிட்டது. கால் முறிவு. கேஸ் கேரளாவிலா?
*பிளஸ் டூ மாணவி, தேவாரம் பக்கம்*

அம்மா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும். நிலத்துக்குச் சொன்ன விதி இங்கே பொருந்தாது. விபத்து இழப்பீட்டு மனுவை, விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் போடலாம், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலும் போடலாம். தேனி மாவட்டத்திலேயே போடுங்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று பெயர். விபத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் என்று இப்போதைய சட்டம் சொல்கிறது. அதற்குள் போட்டுவிடுவதே பத்திரம். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனைச் சீட்டு, மருந்து பில் எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்து வை. வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியையும் கேட்க வேண்டும். ஜீப்பில் கூட்டம் அதிகம் என்பதற்காக வண்டி உரிமையாளரிடம் கேட்கும் உரிமை அழிந்துவிடாது.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று அடுத்து கேட்பாய். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. 15100 என்ற எண்ணுக்கு அழை. அம்மா பெண் என்ற ஒரு தகுதியே போதும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச அழைத்தால் போகலாம், ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட தொகைக்கு எதிராக மேல்முறையீடு கிடையாது. தொகை போதுமா என்று வக்கீலோடு கணக்குப் பார்த்த பிறகே தலையாட்டுங்கள்.

சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். பாட்டி பயப்படுகிறார்.
*எட்டாம் வகுப்பு மாணவன், போடி*

பாட்டி வீட்டிலேயே இருக்கட்டும். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் போலீஸ்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். நீதிமன்ற சம்மன் வந்தால் மட்டும் போயே ஆக வேண்டும். சம்மன் என்பது அழைப்பு. மதிக்காவிட்டால் அடுத்து வருவது பிடியாணை, அதாவது வாரண்ட்.

'வாய்தா, வாய்தா' என்று பத்து வருஷம் இழுக்கலாமா?
*பிளஸ் டூ மாணவன், போடி*

உரிமையியல் வழக்கில், விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடப்பது வேறு என்பதை நீயே பார்க்கிறாய். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறுகிறார்.

கோர்ட்டுக்குள் போய் நாங்கள் வேடிக்கை பார்க்கலாமா? துரத்திவிடுவார்களா?
*சட்டம் படிக்க ஆசைப்படும் அதே மாணவி*

தாராளமாகப் போகலாம். நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்த இடம். பாலியல் குற்ற வழக்குகள், போக்சோ வழக்குகள் போன்றவை மட்டும் மூடிய அறையில் நடக்கும். கைபேசியை அணைத்துவிடு, நீதிபதி உள்ளே வரும்போது எழுந்து நில், பின்வரிசையில் உட்கார். கீழ் நீதிமன்றங்களில் தமிழ்தான் நீதிமன்ற மொழி என்று 1976இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது; ஆனாலும் வக்கீல்கள் பாதிக்குப் பாதி ஆங்கிலம் கலந்து பேசுவார்கள். புரியாத சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து எனக்கு அனுப்பு. பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டுப் படிப்பு; தேனியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, தினம் போய்வரலாம்.